பிள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க சண்டே ஸ்கூலா, ராத்திரி ஜெபமா, இல்ல போற வாற வழியிலயா?

சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ராத்திரி எல்லாரும் பாய் விரிச்சு உக்காந்து முழு ஜெபமாலை சொன்னாத்தான் பிள்ளை பக்தியா வளரும்னு மாமியார் சொல்லுவாங்க, அதுக்குத்தானே மறைக்கல்விக்கு, அதான் ஆர்சி பக்கத்து சண்டே ஸ்கூலுக்கு, விடுறோம்னு வீட்டுக்காரர் சொல்லுவார், நாத்தனார் வாட்ஸ்அப்ல பைபிள் கார்ட்டூன் லிங்க் அனுப்புவா, நமக்கோ இவ்வளவு கஷ்டம் எதுக்கு, சாப்பிடறப்போ தூங்கறப்போ நாலு வார்த்தை பேசினா போதாதான்னு ஒரு பக்கம் தோணும். நான் பிறந்தது சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட்) வீடு, கட்டிக்கொடுத்தது ஆர்சி (கத்தோலிக்க) வீடு, ரெண்டு பக்கத்துப் பழக்கமும் உள்ள இருந்தே பாத்தாச்சு, அந்த தைரியத்துல எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே போட்டுடறேன். எந்த முறை உசத்தின்னு பாக்காதீங்க, உங்க வீட்டுல யாரு எப்ப முழிச்சிருக்காங்க, எப்ப எரிச்சல் இல்லாம இருக்காங்கன்னு பாருங்க, ஜெபத்தை அந்த நேரத்துல வைங்க. அடுத்த வீட்டு நேரத்தை நம்ம வீட்டுல கொண்டு வந்து வச்சா பிள்ளைக்கு ஜெபம்னாலே திட்டு வாங்குற நேரம்னு பதிஞ்சிரும்.

முதல்ல சண்டே ஸ்கூல். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இது ரொம்ப ஈசியான வழி, ஏன்னா 2011 கணக்கெடுப்புப்படி இங்க கிறிஸ்தவங்க 46.85 சதவீதம், நடந்து போற தூரத்துல ஒரு கோயில் இருக்கும், ஞாயிறு காலையில பிள்ளையக் கொண்டு விட்டா போதும். நல்லது நிறைய இருக்கு. படைப்புல ஆரம்பிச்சு ஆபிரகாம், மோசே, தாவீதுன்னு கதையை வரிசையா சொல்லிக்கொடுக்கிறது அங்கதான், வீட்டுல நமக்கு அந்த வரிசை வராது, ஓர்மைக்கு வந்த கதையைத்தான் சொல்லுவோம். மனப்பாட வசனம், பாட்டு, மேடையில நின்னு பேசுற பழக்கம், கூட சேந்து நம்புறதுக்கு அதே வயசுல நாலு கூட்டுக்காரங்க, இதெல்லாம் வீட்டுல கிடைக்காது.

ஆனா அது எதுக்கு ஆரம்பிச்சதுன்னு கொஞ்சம் பாக்கணும். 1780ல இங்கிலாந்துல குளோஸ்டர் ஊருல ராபர்ட் ரெய்க்ஸ்னு ஒருத்தர் சண்டே ஸ்கூல் தொடங்கினப்போ வந்த பிள்ளைங்க வாரத்துல ஆறு நாளும் வேலைக்குப் போனவங்க, அவங்களுக்கு எழுத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஞாயிறு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அப்பா அம்மா செய்ய வேண்டியதை மொத்தமா தூக்கி டீச்சர் தலையில வைக்கிறதுக்காக அது வரல. டீச்சரும் பாவம், முப்பது பிள்ளைங்களை வச்சுட்டு ஒரு மணி நேரத்துல என்னதான் செய்வாங்க? அதுலயும் இப்ப ஞாயிறு காலையிலேயே டியூஷன் வந்தாச்சு, கல்யாணம் காதுகுத்துன்னு போற ஞாயிறையும் கழிச்சா மிச்சம் என்னன்னு நீங்களே பாத்துக்கங்க. இன்னொண்ணு, பரிசுக்காக வசனம் படிக்கிற பிள்ளை பரிசு வாங்கினதும் வசனத்தை விட்டுரும். பத்துக் கட்டளையும் தட்டாம சொல்லுற பிள்ளைக்கு ராத்திரி இடி இடிச்சு பயந்தா என்ன சொல்லி ஜெபிக்கணும்னு தெரியாது. இந்த ரெண்டாவது விஷயம் கிளாஸ்ல வராது, பயப்படுற அந்த ராத்திரியில பக்கத்துல படுத்திருக்கிறவங்கதான் அதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அடுத்தது ராத்திரி ஜெபம். எங்க பிறந்த வீட்டுல ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆளுக்கொரு ஜெபம், கடைசியில பரமண்டல ஜெபம். இங்க புகுந்த வீட்டுல ஜெபமாலை, பிரார்த்தனை, எல்லாம் சேத்து அரை மணி நேரம் தாராளமா போகும். பெரியவங்களுக்கு அதுல ஒரு நிம்மதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா நாலு வயசுப் பிள்ளைக்கு அரை மணி நேரம்ங்கிறது ரொம்பப் பெருசு, பாதியில தூங்கும், இல்லாட்டி பல்லியைப் பாத்து சிரிக்கும், உடனே பாட்டா ஒரு அதட்டல் போடுவாரு, அதோட அன்னைக்கு ஜெபம் அழுகையில முடியும். எங்க சிஎஸ்ஐ பக்கம் இன்னொரு சங்கடம் இருக்கு, பெரியப்பா மாதிரி ஒருத்தர் ஜெபம் பண்ண ஆரம்பிச்சா நாட்டுத் தலைவர்கள்ல தொடங்கி எல்லா தேசத்துக்கும் போயிட்டு நம்ம தெருவுக்கு வர்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும்!

இதுக்கு வழி, ராத்திரி ஜெபத்தை நிறுத்தாம சின்னதாக்குறதுதான். ஜெபமாலையில ஒரு பத்து மணி, அதாவது ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ், நிதானமா சொன்னாலும் நாலு நிமிஷத்துக்கு மேல போகாது. ஜெபமாலையில தியானிக்கிற இயேசு, மரியாள் வாழ்க்கைச் சம்பவங்களைத்தான் மறை உண்மைன்னு சொல்றோம், அதுல அன்னன்னைக்கு ஒரே ஒரு காட்சியை மட்டும் கதையா சொன்னா போதும், திங்கக்கிழமை மகிழ்ச்சி மறை உண்மைன்னா மரியாள் மலைநாட்டுக்கு எலிசபெத்தைப் பாக்கப் போன கதை, அவ்வளவுதான். பிள்ளை முதல் நன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, எடுக்கிற வயசுக்கு வரும்போது அஞ்சு பத்தும் சொல்ற பொறுமை தானா வந்துரும். சிஎஸ்ஐ வீடுன்னா ஒரு பாட்டுல ஒரு சரணம், சுவிசேஷத்துல நாலு வசனம், பிள்ளை ஒரு வரி ஜெபம், அம்மா ஒரு வரி, அப்பா ஒரு வரி, பரமண்டல ஜெபம். பெரியவங்களுக்கு நீளமா ஜெபிக்கணும்னா பிள்ளைங்க தூங்கின பிறகு ஜெபிக்கட்டும், யாரு தடுத்தா?

முழங்கால் விஷயம் ஒண்ணு சொல்லணும். நம்ம ஸ்கூல்கள்ல ஹோம் வொர்க் பண்ணலன்னா முழங்கால் போட வைக்கிறாங்க, சில வீட்டுலயும் அதே தண்டனைதான். சாயங்காலம் தண்டனைக்கு முழங்கால், ராத்திரி இயேசப்பா முன்னாடியும் முழங்கால்னா அந்தப் பிள்ளை ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கும்? ஜெபத்துக்கு முழங்கால் போடற வீடா இருந்தா தண்டனைக்கு அதைப் போட வைக்காதீங்க. முடிஞ்சா ஜெபத்துலயே அம்மா மடியில உக்காந்து சொல்லட்டும், ஒண்ணும் குறைஞ்சு போகாது.

இப்ப நேரத்துக்கு வர்றேன். ராத்திரி எட்டு மணி ஜெபம்ங்கிறது எட்டு மணிக்கு அப்பா வீட்டுல இருக்கிற வீட்டுக்குத்தான் சரி. கடப்புறத்துல அப்படி இல்ல. தூத்தூர் பக்கம் ஆழ்கடல் தொழிலுக்குப் போறவங்க வாரக்கணக்குல வரமாட்டாங்க, அந்த வீட்டுல ஜெபமே அப்பா இல்லாததைச் சுத்தித்தான் இருக்கும், அப்பா பத்திரமா கரை சேரணும்னு பிள்ளை சொல்ற அந்த ஒரு வரிக்கு எந்தப் பாடமும் வேண்டாம். அங்க கோயில் மணி அடிக்கிற நேரம்தான் நல்ல பிடி, காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு மூவேளை ஜெபத்துக்கு மணி அடிக்கிற பங்குகள் இருக்கு, சாயங்கால மணிக்கு விளையாடுற பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி ஒரு நிமிஷம் சொன்னா போதும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போறவங்க விடியறதுக்கு முன்னாடியே எழும்பிப் போகணும், வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சிரும், அதனால ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் கண்ணு சொருகும், அந்த ஆளைப் பிடிச்சு உக்கார வச்சு ஜெபம் சொல்லச் சொன்னா யாருக்கு லாபம்? அவரு வேலை முடிஞ்சு வந்து பிள்ளையோட சாப்பிடற ஒரு நேரம் இருக்குமே, மழை பெஞ்சு வெட்டு இல்லாத நாள் இருக்குமே, அதைப் பிடிங்க. மார்த்தாண்டத்துலயோ நாகர்கோவில்லயோ கடை வச்சிருக்கிறவர் கடை அடைச்சு வர்றதுக்குள்ள பிள்ளை தூங்கியிரும், அவங்களுக்குக் காலையில ஸ்கூல் வண்டி வர்றதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு நெத்தியில சிலுவை வரைஞ்சு அனுப்புற அரை நிமிஷம்தான் மெயின் ஜெபம்.

வளைகுடாவுல அப்பா இருக்கிற வீடு நம்ம ஊருல எத்தனை! அங்க மணிக் கணக்கு பாத்துக்கணும். நமக்கு ராத்திரி 8.30ன்னா துபாய்ல 7 மணி, சவுதி, கத்தார், குவைத்ல 6 மணி. துபாய்க்காரர் ரூமுக்கு வந்திருப்பார், சவுதிக்காரர் இன்னும் வண்டியில இருப்பார். வீடியோ கால்ல ஜெபம் பண்றது கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருக்கும், நெட் கட்டாகும், பிள்ளை ஸ்டிக்கர் அமுக்கும். இருந்தாலும் அப்பா வாயால "இன்னைக்கு என் மகளுக்கு கணக்குப் பரீட்சை, கூட இருங்க ஆண்டவரே"ன்னு பிள்ளை கேக்கிறது பெரிய விஷயம். ஆனா ஒண்ணு, அந்த கால்லயே மார்க் என்னாச்சு, ஏன் குறைஞ்சுதுன்னு விசாரிக்கக் கூடாது. அதை வேற கால்ல வச்சுக்கங்க.

மூணாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, போற வாற வழியில, அன்றாடம் வர்ற நேரங்கள்ல சொல்லிக்கொடுக்கிறது. இது புது மாடல் ஒண்ணும் இல்ல. உபாகமம் 6ம் அதிகாரம் 7ம் வசனத்துலயே இருக்கு, வீட்டுல உக்காந்திருக்கிறப்போ, வழியில நடக்கிறப்போ, படுக்கிறப்போ, எழும்புறப்போ பிள்ளைங்ககிட்ட பேசுன்னு. தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் வழியான்னு பவுல் எழுதுறாரு, அந்த வீட்டுல என்ன நேரத்துக்கு என்ன பண்ணினாங்கன்னு ஒண்ணும் எழுதல, ஆனா பாட்டி கூடவே ஒரு பிள்ளை இருந்தா எப்படின்னு நமக்குத் தெரியும்தானே.

எப்படி செய்யலாம்னு கேட்டா, கிழங்கும் மீன் கறியும் வச்சு சாப்பிடறப்போ "இந்த மீனைப் பிடிச்சிட்டு வந்தவங்களுக்கு நன்றி, அவங்களைப் பாத்துக்கங்க இயேசப்பா"ன்னு ஒரு வரி, அது வழக்கமான சாப்பாட்டு ஜெபத்தை விட பிள்ளை மனசுல நிக்கும், ஏன்னா தட்டுல இருக்கிற மீனு கண்ணு முன்னாடி இருக்கு. பைக்ல போறப்போ ஆம்புலன்ஸ் போனா உள்ள இருக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. குருசடி, அதான் வழியோரம் சிலுவை வச்ச சின்னக் கோயில், தாண்டறப்போ பாட்டி சும்மா கையை நெத்திக்குக் கொண்டு போறாங்கள்ல, பிள்ளை ஏன்னு கேக்கும், அந்தக் கேள்வி வர்ற நேரம்தான் பாட நேரம், அப்ப "சும்மா இரு மக்கா"ன்னு சொல்லிராதீங்க. அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்கிட்டா முதல்ல சண்டையை விலக்கி, அழுகை அடங்கின பிறகு மன்னிப்பைப் பத்திப் பேசுங்க, அழுதுட்டு இருக்கிறப்போ வசனம் சொன்னா ஏறாது. அப்பா கோவத்துல கத்திட்டு பிறகு பிள்ளைகிட்ட வந்து சாரி மக்கான்னு சொன்னா, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிற பாவசங்கீர்த்தனம் எதுக்குன்னு பின்னாடி ஃபாதர் விளக்குறப்போ பிள்ளைக்கு அது ஏற்கனவே பாத்த விஷயமா இருக்கும்.

பிரயாணத்தை நான் தனியா சொல்லுவேன், நம்ம மாவட்டத்துல ரோடே கதை சொல்லும். தக்கலையில இருந்து நாகர்கோவில் வர்ற வழியில புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சு தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா படைக்கே பயிற்சி கொடுத்தவர், கல்லறை அந்தக் கோட்டைக்குள்ளதான் இருக்கு. நட்டாலத்துல 1712ல பிறந்த நீலகண்டன் அரண்மனை உத்தியோகத்துல இருந்தவர், வீட்டுல நஷ்டத்து மேல நஷ்டம் வந்து மனசு உடைஞ்சிருந்தப்போ டிலனாய் அவருகிட்ட, எல்லாத்தையும் இழந்தும் ஆண்டவரை விடாத யோபு கதையைச் சொன்னார். பிரசங்க மேடையில இல்ல, கூட வேலை பாக்கிற ஒருத்தர் இன்னொருத்தர் முகத்தைப் பாத்து என்ன வாடிப்போயிருக்கீங்கன்னு கேட்டு சொன்ன கதை. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், தேவசகாயம்னு பேரு, 1752 ஜனவரி 14 ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15 புனிதர் பட்டம். புலியூர்க்குறிச்சியில முட்டிடிச்சான் பாறை இருக்கு, தாகத்துல அவரு முழங்கையால இடிச்சதும் தண்ணி வந்துச்சுன்னு பாரம்பரியமா சொல்றாங்க, பிள்ளைங்க அந்த ஊற்றை எட்டிப் பாக்காம வரமாட்டாங்க. சிஎஸ்ஐ வீடுன்னா மயிலாடி வழியா போறப்போ வேதமாணிக்கம் கதை, அவரு தஞ்சாவூர் வரைக்கும் போய் விசுவாசத்துக்கு வந்து, நம்ம ஊருக்கும் மிஷனரி வரணும்னு விடாம கேட்டு, 1806ல ரிங்கல்தௌபே வந்தது. ரெண்டு கதையையும் எல்லா பிள்ளைக்கும் சொல்லலாம், இதுல ஆர்சி சிஎஸ்ஐன்னு பங்கு போட ஒண்ணும் இல்ல.

இவ்வளவு புகழ்ந்துட்டேன், இதோட குறையையும் சொல்லணும். இந்த வழி மாதிரி சீக்கிரமா காணாமப் போற வழி வேற இல்ல. நேரம் காலம் இல்லாததால யாரும் ஏன் பண்ணலன்னு கேக்க மாட்டாங்க, முதல் ரெண்டு வாரம் ஆம்புலன்ஸுக்கு ஜெபிப்போம், மூணாவது வாரம் ஆம்புலன்ஸ் போறதே காதுல விழாது. இன்னொரு பக்கம் சிலர் அதிகமாப் போயிருவாங்க, மழை பெஞ்சா பாடம், பூ பூத்தா பாடம், கீழ விழுந்தா பாடம்னு எதைத் தொட்டாலும் பிரசங்கம் பண்ணினா பிள்ளை நம்மகிட்ட எதையும் சொல்லறதையே நிறுத்திரும். சும்மா மழை பாக்கிறதுக்கும் விடணும். அதனால இந்த முறைக்கு ஒரு ஆணி வேணும், அந்த ஆணிதான் ராத்திரியோ காலையோ சாப்பாட்டு நேரமோ, தினமும் ஒரே நேரத்துல வர்ற அந்த அஞ்சு நிமிஷ ஜெபம். பகல்ல பாத்ததெல்லாம் அங்க வந்து தொங்கும்: "இன்னைக்கு ஆம்புலன்ஸ் பாத்தோம்ல, அவங்களுக்காக."

கார்ட்டூன் வீடியோ, ஆப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. கதை தெரிஞ்சுக்க நல்லது, தாவீது கோலியாத்தை நாம சொல்றதை விட அழகா காட்டுவாங்க. ஆனா நாம அடுப்படியில நிக்க பிள்ளை ஹால்ல தனியா பாத்துட்டு இருந்தா அது பிள்ளையை உக்கார வைக்கிற வழி, விசுவாசம் சொல்லிக்கொடுக்கிற வழி இல்ல, அதுலயும் ஒண்ணு முடிஞ்சதும் தானா அடுத்தது ஓடும், மூணாவது வீடியோவுல எங்க போயிருக்கும்னு தெரியாது. ஒண்ணு பாத்து ஆஃப் பண்ணி, உனக்கு யாரைப் பிடிச்சுதுன்னு கேட்டா பிரயோஜனம் உண்டு.

எந்த வழியில போனாலும் ஒரு கேள்வி வரும், அது நம்ம கரையில கொஞ்சம் சீக்கிரமாவே வரும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017 நவம்பர் 30 ஒக்கி புயல், ரெண்டுலயும் நம்ம கடற்கரைக் கிராமங்கள்ல நிறைய பேர் போயிட்டாங்க, சுவர்ல மாலை போட்ட போட்டோவைப் பாத்து பிள்ளை கேக்கும், "எல்லாரும் ஜெபம் பண்ணியும் ஏன் மாமா வரல?" சண்டே ஸ்கூல் புத்தகத்துல இதுக்குப் பதில் தேடாதீங்க. ஆண்டவருக்கு அவரைப் பிடிச்சதால எடுத்துக்கிட்டாருன்னும் சொல்லாதீங்க, பிள்ளை உடனே அப்ப என்னையும் பிடிச்சா எடுத்துக்குவாரான்னு யோசிக்கும். எனக்கும் தெரியல மக்கா, எனக்கும் அழுகைதான் வருது, வா சேந்து அவருகிட்டயே கேப்போம்னு சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, சங்கீதத்துல நிறைய அப்படிக் கேக்கிறதுதான், லாசரு கல்லறையில இயேசுவும் அழுதாரு. இந்தப் பேச்சு வீட்டுலதான் நடக்கணும், நடக்கிறதும் வீட்டுலதான், அதுவும் படுக்கையில லைட் அணைச்ச பிறகுதான் பெரும்பாலும் வரும். அந்த நேரத்துக்கு அம்மாவோ பாட்டியோ போனைத் தூர வச்சுட்டு பக்கத்துல இருக்கணும்.

பயம் காட்டுறதையும் இதோட சேத்து விட்டுருங்க. "இயேசப்பா பாத்துட்டு இருக்காரு, அடிப்பாரு"ன்னு சொல்லி சோறு ஊட்டுறது நம்ம பாட்டிமார் பழக்கம், வேலை சீக்கிரம் முடியும், ஆனா பிள்ளை அவரை வீட்டுக்கு வந்த போலீஸ் மாதிரி நினைச்சிரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கோயிலுக்குப் போயி திருநீறு பூசிட்டு வந்தா அதைக் கேலியா பேசுறதும் அதே வகைதான், நம்ம பிள்ளைங்க ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடுதுங்க, நம்ம விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்க அடுத்தவனைத் தாழ்த்த வேண்டியது இல்ல.

சரி, எதை எடுக்கிறதுன்னா, ஆறு வயசுக்குக் கீழன்னா போற வாற வழியும் ஒரு அஞ்சு நிமிஷ ஜெபமும் போதும், சண்டே ஸ்கூலுக்குப் போனா சந்தோஷம், போக மாட்டேன்னு அழுதா இழுத்துட்டுப் போகாதீங்க. ஏழுல இருந்து பதினொண்ணு வரைக்கும் சண்டே ஸ்கூலை விடவே விடாதீங்க, அந்த வயசுல மனப்பாடம் பண்ணினது சாகுற வரைக்கும் நிக்கும், டியூஷனை வேற நாளுக்கு மாத்துங்க, நான் இதுல கொஞ்சம் கறார். பன்னிரண்டு தாண்டினா வீட்டுல சத்தமா ஜெபம் பண்ணச் சொல்லி எல்லார் முன்னாடியும் நிறுத்தாதீங்க, வெக்கப்படுவாங்க, அவங்க ஒரு வசனம் வாசிக்கட்டும், இல்லாட்டி தம்பி தங்கச்சிக்கு அந்த டிலனாய் கதையை அவங்களே சொல்லட்டும். மாமியார் முழு ஜெபமாலைதான் வேணும்னு நின்னா, அவங்க சொல்றப்போ பிள்ளை பக்கத்துல படுத்துக் கேக்கட்டும், சொல்லணும்னு கட்டாயம் வேண்டாம், பாட்டி குரல்ல அதைக் கேட்டுட்டே தூங்கினதும் சேத்திதான்.

ஆரம்பிக்கிறவங்க மே மாச லீவுல ஆரம்பிக்காதீங்க. லீவுல விபிஎஸ், அதான் பிள்ளைங்களுக்கு நடத்துற விடுமுறை வேதாகமப் பள்ளி, சூட்டுல எல்லாம் ஜோரா நடக்கும், பத்து மணிக்கு எழும்பி நிதானமா ஜெபம் பண்ணுவோம், ஜூன்ல ஸ்கூல் திறந்த ரெண்டாம் நாளே அந்த டைம்டேபிள் கவுந்துரும். ஸ்கூல் ஓடிட்டு இருக்கிற ஒரு சாதாரண திங்கக்கிழமை, யூனிஃபார்ம் தேய்ச்சு, ஷூ தேடி, டிபன் கட்டி எல்லாம் நடக்கிற நாள்ல எந்த அஞ்சு நிமிஷம் கிடைக்குதோ அதுல ஆரம்பிங்க.